கடைசி வரியும் பின்னறை மேசையும்

சனிக்கிழமைக்குள் ஒரு வரி எழுதிவிடுவது என்று திங்கட்கிழமை காலை தீர்மானம் செய்தேன். ஒரே ஒரு வரி. முன்னூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதியவனுக்கு ஒரு வரி என்ன பெரிய காரியம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் வரி என்பது, கட்டுகிற வரியானாலும் எழுதுகிற வரியானாலும், கெடு நெருங்கும்போதுதான் மனுஷனைப் படுத்தும்.

மெல்பர்னுக்கு வடக்கே, டெனிலிக்வின் சந்தையில் நாற்பது வருஷம் மாடு ஏலம் விட்டவன் நான். பெயர் நெவில். ஓய்வு பெற்றதும் என் சோட்டு ஆட்கள் எல்லாம் மீன் பிடிக்கப் போனார்கள். நான் பின்னறையில் மேசை போட்டுக் காதல் நாவல் எழுத உட்கார்ந்தேன். நாயகி டாம்சின், மாட்டு டாக்டர். நாயகன் பிரோடி, வறட்சியில் பாதி மந்தையைப் பறிகொடுத்த பண்ணைக்காரன். முன்னூற்றுப் பன்னிரண்டு பக்கம் சண்டை போட்டுவிட்டு இப்போது பண்ணை கேட்டருகே நிற்கிறார்கள். "என்னோடயே இருந்துடறியா?" என்று பிரோடி கேட்டுவிட்டான். அவள் பதில் சொல்ல வேண்டும். ஆறு வாரமாக அவள் வாயே திறக்கவில்லை. வாய் திறக்காத பெண்ணோடு எனக்குப் பழக்கமும் இல்லை.

இந்த நேரம் பார்த்து என் மனைவி கிளெனிஸின் அக்கா பெரிலுக்கு இடுப்பில் ஆபரேஷன். ஆறு வாரம் எங்கள் வீட்டில் தங்கித் தேற வேண்டுமாம். சனிக்கிழமை வருகிறாள். அவளுக்குப் பின்னறை வேண்டும்.

"மேசையைக் கொட்டகைக்கு மாத்திடு," என்றாள் கிளெனிஸ்.

கொட்டகையில் புல் வெட்டும் மிஷினும், கெட்டுப்போன தீவன மூட்டையும், குடும்பம் குடும்பமாகச் சிலந்திகளும் இருக்கின்றன. அங்கே உட்கார்ந்தால் காதல் வராது, தும்மல்தான் வரும். ஒரு வரிதான் பாக்கி என்று கெஞ்சினேன். அவள் அசையவில்லை. அதனால் பந்தயத்துக்கு இழுத்தேன்.

கிளெனிஸ் வாரத்துக்கு மூன்று காதல் நாவல் படிப்பவள். நூலகத்தில் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் புரட்டுவாள். பிடித்தால் வீட்டுக்கு வரும். பிடிக்காவிட்டால் எத்தனை பரிசு வாங்கிய புத்தகமானாலும் அலமாரிக்கே திரும்பிவிடும். இப்படிப்பட்டவள் இரண்டு வருஷமாக என் நாவலில் ஒரு பக்கத்தைக்கூடக் காட்டு என்று கேட்டதில்லை. எனக்கு அதில் வருத்தம்தான். நிறையவே வருத்தம். சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

பந்தயம் இதுதான். கடைசிப் பக்கத்தைக் காட்டுவேன். அதைப் படித்ததும் முதல் பக்கத்திலிருந்து படிக்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றினால் பின்னறை எனக்கு, கூடத்து சோபா பெரிலுக்கு. தோன்றாவிட்டால் கொட்டகை எனக்கு. கிளெனிஸ் மறுபேச்சு இல்லாமல் சம்மதித்தாள். முப்பத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தியவன் அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை கடைசி வரியில் சூரியனை அஸ்தமிக்க வைத்தேன். சூரியன் தினமும்தான் அஸ்தமிக்கிறது, அதற்கும் இவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்றாள். புதன்கிழமை, கிளப் புல்தரையில் பந்து உருட்டும் ஆட்டத்துக்குப் போகிற அவசரத்தில், இருவரும் ஆயுள் முழுக்க ஆனந்தமாக வாழ்ந்தார்கள் என்று எழுதி வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் ஓரத்தில் பென்சிலால் 'யார் சொன்னது?' என்று இருந்தது. வியாழக்கிழமை ஒரு முத்தம் வைத்தேன். பசுவுக்குப் பிரசவம் பார்த்துவிட்டு டாம்சின் கை கழுவினாளா இல்லையா என்று கேட்டாள். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று எனக்குச் சொல்லத்தான் தெரிகிறது. வரியில்தான் தரம் வரவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. கிளெனிஸ் சொன்ன வார்த்தையையே டாம்சின் வாயில் போட்டுவிட்டால்? தன் வார்த்தையைத் தானே எப்படிக் குறை சொல்வாள்?

முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் சந்தை வேலியோரம் நின்று, என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று அவளைக் கேட்டேன். சுற்றிலும் அறுநூறு மாடு கத்திக்கொண்டிருந்தது. "இல்ல, ஆமா," என்றாள் அவள்.

எங்கள் பக்கத்து ஆட்கள் யாரும் ஒரேயடியாக ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லமாட்டோம். இரண்டையும் சேர்த்தே சொல்வோம். எது பின்னால் வருகிறதோ அதுதான் பதில். 'ஆமா, இல்ல' என்றால் இல்லை. 'இல்ல, ஆமா' என்றால் ஆமாம். முன்னால் வருவது சும்மா ஒரு மரியாதைக்கு.

வெள்ளிக்கிழமை காலை எழுதி முடித்தேன். பிரோடி கேட்கிறான். டாம்சின் மாடுகளைப் பார்க்கிறாள், அவனைப் பார்க்கிறாள். 'இல்ல, ஆமா,' என்றாள் டாம்சின். முற்றும்.

சமையலறை மேசையில் கொண்டுபோய் வைத்தேன். கிளெனிஸ் ரொட்டித் துண்டைக் கீழே வைத்துவிட்டுப் படித்தாள். மறுபடியும் படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பெரிலுக்கு சோபாதான் என்று நான் மனதுக்குள் ஏலச் சுத்தியலைத் தட்டிவிட்டேன்.

"இது நான் சொன்னதுதானே?" என்றாள்.

"உன் வார்த்தைதான். ஒரு எழுத்துகூட மாத்தல."

"மாத்தியிருக்கே. நான் 'ஆமா, இல்ல'ன்னு சொன்னேன்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"விளையாடாதே கிளெனிஸ்."

"விளையாடல. எனக்கு அப்போ மெல்பர்ன்ல நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைச்சிருந்துது. அதான் இல்லன்னேன். மாடு கத்தின கத்தல்ல உன் காதுல எது விழுந்துதோ தெரியாது. வேலிக் கம்பியில டங்குன்னு தட்டி, மூணு தரம்னு கத்தினே. எங்கப்பா ஓடி வந்து உன் கையைப் பிடிச்சுக் குலுக்கினாரு. சந்தையே கை தட்டுச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"எப்படிச் சொல்றது? ஏலம் முடிஞ்சப்புறம் மாடு பேசுமா?"

"அதுக்கப்புறமாவது? முப்பத்தெட்டு வருஷம் இருந்துதே."

"நீ கேக்கவே இல்லையே. அப்புறம் பழகிப்போச்சு."

ஒரு நிமிஷத்துக்கு இருநூறு வார்த்தை பேசிச் சம்பாதித்தவன் நான். முதல் மாட்டிலிருந்து கடைசி மாடு வரை கணக்கு பிசகாமல் விற்றவன், ஒரே ஒரு பதிலைத் தப்பாகக் கேட்டு, அதன்மேல் ஒரு வீடும் மூன்று பிள்ளைகளும் கட்டியிருக்கிறேன். நிஜமாகவே வலித்தது.

வலித்த வேகத்தில் பேனாவை எடுத்தேன். இரண்டு வார்த்தையையும் இடம் மாற்றினேன். 'ஆமா, இல்ல,' என்றாள் டாம்சின். முற்றும். இந்தா, இப்போது திருப்தியா என்று அவள் பக்கம் தள்ளினேன்.

கிளெனிஸ் படித்தாள். டீ ஆறி ஏடு கட்டிவிட்டது.

"இது வரி," என்றாள். "பாவம் அந்தப் பிரோடி. அவனை விட்டுட்டுப் போறாளே. இப்படி ஒரு கடைசிப் பக்கம் நான் படிச்சதே இல்ல."

வலியெல்லாம் எங்கே போனதோ தெரியாது. எழுந்தே விட்டேன். "அப்ப ஜெயிச்சாச்சு. எடு முதல் பக்கத்தை. படி."

"படிக்கணும்னு தோணலையே."

"இப்பதானே நல்லா இருக்குன்னே?"

"நல்லா இருக்கு. ஆனா முதல்லேர்ந்து படிக்கணும்னு தோணல. அதெல்லாம் படிச்சாச்சு."

"எதை?"

"முன்னூத்திப் பன்னிரண்டு பக்கத்தையும். ரெண்டு வருஷமா, நீ பந்து உருட்டப் போற புதன்கிழமையெல்லாம். இருநூத்திப் பதினாலாம் பக்கத்துல பிரோடியோட குதிரை செத்துப்போகுது. இருநூத்தி முப்பதுல அவன் அதுமேல ஏறிப் போறான். அதைக் கொஞ்சம் பாத்துக்கோ."

இந்த இடத்தில் ஒரு ஆம்பிளை செய்யவேண்டியது என்ன? பந்தயத்தில் ஏமாற்று இருக்கிறது என்று மேசையைக் குத்த வேண்டும். பின்னறைக்குப் போய்க் கதவைத் தாழ்போட வேண்டும். நான் செய்தது வேறு. உட்கார்ந்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன். சந்தையில் முதல் நாள் மேடை ஏறினவன் மாதிரி காகிதங்களை அடுக்கி நேராக்கினேன்.

"எப்படி இருந்துது?" என்றேன்.

கிளெனிஸ் யோசித்தாள். அவசரப்படாமல் யோசித்தாள்.

"மோசமில்ல," என்றாள்.

வெளியூர்க்காரருக்கு இதன் மதிப்பு புரியாது. பெரிய பையன் பிறந்தபோது அவனைக் கையில் வாங்கிப் பார்த்து அவள் சொன்னது அதுதான். அதற்குமேல் எங்கள் ஊரில் பாராட்டு கிடையாது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்க ஏதாவது ஒரு வேலை செய்தாக வேண்டும் போலிருந்தது. கையில் கிடைத்த வேலை மேசைதான். நானே பின்னறைக்குப் போனேன், நானே இழுப்பறைகளைக் காலி செய்தேன், நானே கூப்பிட்டேன். கிளெனிஸ் வந்து ஒரு பக்கம் பிடித்தாள். முற்றத்தைத் தாண்டிக் கொட்டகை வாசல் வரை தூக்கிக்கொண்டு வந்தபின்தான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது.

அப்படியே நின்றேன். அறை போனது போகட்டும், இன்னொன்று தெரிந்தாக வேண்டும்.

"கிளெனிஸ், உண்மையைச் சொல்லு. அன்னிக்கு நீ இல்லன்னுதான் சொன்னியா?"

மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து அவள் என்னைப் பார்த்தாள். உதட்டோரத்தில் ஏதோ இருந்தது. சிரிப்பா, மூச்சு வாங்குகிறதா, சொல்லத் தெரியவில்லை.

"வாசல் நிலை இடிக்குது," என்றாள். "உன் பக்கத்தை இன்னும் கொஞ்சம் தூக்கு."

தூக்கினேன்.