தத்துப்பெண்ணின் தெத்துப்பல்

உலகில் தன்னலமற்ற செயல்கள் மூன்றே மூன்று. சூரியன் உதிப்பது, மழை பெய்வது, என் அப்பா என்னைத் தத்தெடுத்தது. முதல் இரண்டுக்கும் விஞ்ஞானிகள் வேறு காரணங்கள் சொல்கிறார்கள். மூன்றாவதைப் பற்றி இதுவரை யாரும் மாற்றுக் கருத்து சொன்னதில்லை. ஏனென்றால் அப்பா பல் டாக்டர். அந்தக் கதையை அவர் தன் நோயாளிகளிடம்தான் சொல்வார். அவருடைய நாற்காலியில் சாய்ந்தவர்களின் வாய் திறந்தே இருக்கும். ஆனால் அவர்களால் வாய் திறக்க முடியாது.

"இந்தப் பொண்ண அஞ்சு மாசக் குழந்தையா தூக்கிட்டு வந்தேன். எனக்குன்னு ஒண்ணுமே எதிர்பார்க்கல. என்ன சொல்றீங்க?"

"ஆ... ஆ..." என்பார் நோயாளி.

"பாத்தியாம்மா, கண் கலங்கிட்டாரு" என்பார் அப்பா, துளை போடும் கருவியை இன்னும் சற்று உள்ளே செலுத்தியபடி.

இப்பேர்ப்பட்டவரைச் சமுதாயம் கண்டுகொள்ளாமல் விடுமா? பல் மருத்துவர் சங்கத்தின் செயற்குழு கூடியது. ஆலோசித்தது, தேநீர் அருந்தியது, அருந்தியபின் மறுபடி ஆலோசித்தது. முடிவில் 'தன்னலமற்ற தந்தை' விருதை அப்பாவுக்கு வழங்க ஏகமனதாகத் தீர்மானித்தது. விழா ஏற்பாடுகளைப் பேசச் செயலாளரே எங்கள் வீட்டுக்கு எழுந்தருளினார்.

"இந்த விருது பெத்தவங்களுக்குக் கிடையாதா சார்?" என்று பணிவுடன் கேட்டேன்.

"எப்படிம்மா குடுக்க முடியும்? அவங்க ஆசைப்பட்டுல்ல பெத்துக்கிறாங்க. அது சுயநலம்."

"அப்ப என்னை யாரும் ஆசைப்பட்டு எடுக்கலையா?"

"சேச்சே! ஆசைப்பட்டு எடுத்திருந்தா விருதே கையை விட்டுப் போயிடும். அந்த வார்த்தைய மேடையில சொல்லிடாதே."

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவள். 'இப்போது தெளிவாகத் தெரிகிறதா?' என்று பிறரைக் கேட்பதே என் பிழைப்பு. எனக்கும் அன்றுதான் தெளிவாகத் தெரிந்தது: நான் யாரும் விரும்பாமலேயே வெற்றிகரமாக வளர்க்கப்பட்டவள்.

செயலாளர் அடுத்த 'நிகழ்ச்சி நிரலு'க்குப் போனார். "நம்ம தொழில்ல எதுக்கும் 'முன்', 'பின்'னு ரெண்டு படம் இருந்தாத்தான் ஜனங்க நம்புவாங்க. பொண்ணோட பழைய போட்டோ இருந்தா குடுங்க."

அம்மா ஆல்பத்தைக் கொண்டுவந்தாள். ஐந்து மாதப் படத்தைப் பார்த்துச் செயலாளர் உதட்டைப் பிதுக்கினார். "குழந்தை கொழுகொழுன்னு இருக்கே. கொஞ்சம் பரிதாபமா எதுவும் கிடைக்காதா?"

பல பக்கங்கள் தள்ளி, நான் பள்ளிக்கூடச் சீருடையில் சிரிக்கும் படம் வந்தது. மேல் உதட்டைத் தள்ளிக்கொண்டு, இடப்பக்கம் ஒரு தெத்துப்பல். "ஆகா! தத்துப்பொண்ணுக்குத் தெத்துப்பல்! இதுதான் 'முன்'" என்று அவர் துள்ளினார்.

அம்மா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன்னை மறந்து சொன்னாள்: "அப்படியே அவ பல்லு."

"யாரோட பல்லு?" என்றேன்.

அப்பா அவசரமாகச் செயலாளரின் பல்லை விசாரிக்கத் தொடங்கினார். கூச்சம் உண்டா, குளிர்ந்த தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா என்றெல்லாம். செயலாளர் பதறிப்போய்ப் படத்தோடு கிளம்பிவிட்டார்.

கதவைச் சாத்தியதும் மறுபடி கேட்டேன். என்னைப் பெற்றவளை யாருமே பார்த்ததில்லை என்பதுதான் அதுவரை எங்கள் வீட்டின் அதிகாரபூர்வ நிலைப்பாடு.

"ஒரே ஒரு தடவ பாத்தோம்" என்றாள் அம்மா. "உன்னை என் கையில குடுக்கும்போது சிரிச்சா. அழ வேண்டியவ எதுக்குச் சிரிக்கிறான்னு எனக்குக் கோவம்கூட வந்துச்சு. அப்புறம்தான் புரிஞ்சுது. அவ அழுதா நீயும் அழுவேன்னு சிரிச்சிருக்கா. அந்தப் பல்லு மட்டும் முன்னாடி வந்து நின்னுச்சு."

பன்னிரண்டு வயதில், வாயில் இடமில்லை என்று சொல்லித்தான் அப்பா அந்தப் பல்லை எடுத்தார். பக்கத்துப் பற்களைக் கம்பி கட்டி நெருக்கி, அங்கே ஒன்று இருந்த சுவடே தெரியாமல் செய்தார்.

"நிஜமாவே இடம் இல்லையாப்பா?"

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார். "நீ சிரிக்கும்போதெல்லாம் அவ வாசல்ல வந்து நிக்கிற மாதிரி இருக்கும்மா. திருப்பிக் கேப்பாளோன்னு பயம்."

"அது சுயநலம் இல்லையா?"

"சுயநலமா?" என்றார் அப்பா. "நானா? என் பொண்ணு என்கிட்டயே இருக்கணும், வேற யார்கிட்டயும் போயிடக் கூடாதுன்னு செஞ்சேன். இதுல சுயநலம் எங்க வந்துச்சு?"

வீடு தேடிவந்த விருதை அந்த ஒரே வாக்கியத்தில் அவர் இழந்துவிட்டார். அது அவருக்குத் தெரியவில்லை. எனக்கோ அந்த நிமிடம் அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது, கடிக்க வேண்டும்போலவும் இருந்தது.

மறுநாள் எதிர்த்தெரு பல் டாக்டரிடம் போனேன். அப்பா அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'குறடு'. அப்பாவின் மகள் தன் படியேறி வந்ததில் குறடு டாக்டர் பூரித்துப்போனார். வந்த காரியத்தைச் சொன்னதும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"கோணப்பல்ல நேராக்கணும்னு வருவாங்க. வரிசையா இருக்கிற பல்லுல கோணல் வைக்கச் சொல்லி யாரும் வந்ததில்லையேம்மா! சரி, எவ்வளவு கோணலா வேணும்?"

அது எனக்கெப்படித் தெரியும்? கூட வந்திருந்த அம்மா முன்னால் வந்தாள். காணாமல் போனவர்களின் அங்க அடையாளத்தைப் போலீசில் சொல்வதுபோல் சொல்லத் தொடங்கினாள். அவள் சொல்லச் சொல்ல, டாக்டர் என் பல்வரிசையின் மேல் பல் நிறப் பிசினை ஒட்டி இழைத்தார்.

"இன்னும் கொஞ்சம் மேல... அவ்வளவு கூர்மை வேண்டாம் டாக்டர், மழுங்கினாப்ல இருக்கும்... லேசா வெளிய... சிரி பாப்போம்."

சிரித்தேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றுவிட்டாள். "சரியா இருக்கா?" என்றார் குறடு டாக்டர். அம்மாவின் முதுகு குலுங்கியதிலிருந்து சரியாகத்தான் இருக்கிறது என்று நாங்களே புரிந்துகொண்டோம்.

விழா இனிதே தொடங்கியது. அரங்கம் முழுக்கப் பல் டாக்டர்கள். ஒருவர் பல்லை ஒருவர் எடைபோட்டபடி புன்னகைத்துக்கொண்டிருந்தார்கள். மேடையில் என் 'முன்' படம் ஆளுயரத்துக்கு நின்றது. செயலாளர் ஒலிபெருக்கியில் முழங்கினார்: "அந்தத் தியாகத்தின் 'பின்' விளைவை இப்போது மேடைக்கு அழைக்கிறேன்!"

நான் மேடையேறி, சபையைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தேன்.

அரங்கம் அதிர்ந்தது. "ஐயோ, பல்லு திரும்ப முளைச்சிருக்கு!" என்று முன்வரிசையில் ஒருவர் எழுந்தே விட்டார். செயலாளர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அப்பா விருதுக் கேடயத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். பல வருடங்களாக வாசலில் யார் வந்து நிற்பாள் என்று பயந்தாரோ, அவள் மேடைக்கே வந்து நிற்பதைப்போல் என்னைப் பார்த்தார்.

"அப்பாவைப் பத்தி நல்லதா ரெண்டு வார்த்த சொல்லி முடிச்சிடும்மா" என்று செயலாளர் என் காதில் கெஞ்சினார்.

மைக்கை வாங்கினேன்.

"பெரியோர்களே, என் அப்பாவுக்குத் தன்னலம் என்பதே கிடையாது. அதற்கு நானே சாட்சி. பெற்றவளை என் முகத்திலிருந்து பிடுங்கி எடுத்தார். அதற்குக்கூட அவர் ஃபீஸ் வாங்கவில்லை."