ஒன்பதாம் நம்பரின் செத்தவீடு

மொன்றியலில் ஒன்பதாம் நம்பர் அண்ணையைப்போல் கோபப்பட இன்னொருவர் பிறக்கவில்லை. பிறந்திருந்தால் இந்த ஊரில் பனியே தங்கியிருக்காது.

இங்கிலாந்துக் கால்பந்தில் ஒன்பதாம் நம்பர் சட்டை போட்டுக் கோல்களாய் அடித்துக் குவித்த ஒருவன்மேல் அவருக்குப் பைத்தியம். பெயர் அப்படி வந்ததுதான். கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருந்தோம், ஒரே ஆஸ்பத்திரியில் தரை துடைத்தோம். அந்த ஆட்டக்காரன் கோல் அடித்தால், "இவ்வளவு நேரமும் எங்கையடா நிண்டனீ?" என்று டிவியை ஏசுவார். அடிக்காவிட்டால் ரிமோட் பறக்கும். தேசிய அணியிலிருந்து அவன் விலகியபோது அண்ணை என்னோடு ஒரு வாரம் கதைக்கவில்லை. நான் என்ன பிழை செய்தேன் என்று இன்றுவரை தெரியாது.

ஆட்டம் இங்கே சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. அண்ணைக்கு அப்போது வேலை. அதனால் முக்கியமான ஆட்டங்களுக்கெல்லாம் சொந்தக்காரரைக் கொன்று லீவு எடுத்தார். நாலு வருடத்தில் மூன்று பெரியப்பாக்கள் போய்ச் சேர்ந்தார்கள். "இனிப் பொய் சொன்னால் வேலை இல்லை" என்றார் மேலாளரான கியூபெக் அம்மா.

அந்த வருடத்தோடு அவன் விளையாட்டை விடுகிறான் என்று செய்தி வந்தது. அண்ணை, இல்லாத ஒரு தமையனைக் கொன்றார். சாட்சிக்கு என்னை இழுத்தார்.

"பிடிபட்டால் என்ரை வேலையும் போகும், அண்ணை!"

"வாயைப் பொத்தடா. ஆட்டம் தொடங்குது."

எங்கள் சனத்தை அவர் மறந்துவிட்டார். செத்தவீட்டில் அடுப்பு எரியாதே என்று ஆஸ்பத்திரித் தமிழர்கள் சோறும் மரக்கறியும் சமைத்து, மேலாளரையும் கூட்டிக்கொண்டு வந்து கதவைத் தட்டினார்கள். எங்கள் அடுப்பில் ஆட்டிறைச்சி கொதித்துக்கொண்டிருந்தது. சட்டியைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்கு ஓடினேன். கை வெந்தது.

திரும்பி வந்தால், அண்ணை நிலத்தில் குந்தியிருந்து குழறி அழுகிறார். டிவியில் அவருடைய ஒன்பதாம் நம்பர் பெனால்டி அடித்துவிட்டு, சற்று நேரத்தில் முழங்கால் பிசகி நொண்டி நொண்டி வெளியேறுகிறான். இனி அவன் ஆடப்போவதில்லை. டிவியை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்தேன்.

"என்ரை ராசா! இப்பிடிப் பாதியிலை போறியேடா!"

மேலாளர் அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். மூன்று நாள் லீவும் கொடுத்தார்.

அந்த மூன்று நாளும் ஆஸ்பத்திரியில் அண்ணை துடைக்கும் மாடியையும் வெந்த கையோடு துடைத்தவன் நான். ஒவ்வொரு படியிலும் அவரைத் திட்டினேன். மூன்றாம் நாள் நாலு கேள்வி கேட்பதென்றே வீட்டுக்கு வந்தேன். அண்ணை அணைந்த டிவிக்கு முன்னால் அப்படியே இருந்தார்.

"தம்பி, இனி நான் ஆரையடா ஏசுறது?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"நான் இருக்கிறன்தானே, அண்ணை. என்னை ஏசுங்கோ."