தண்ணீராகிப் பார்த்த சுண்ணாம்புத் தொட்டி மேஸ்திரி

ஆம்பூர்,
29-8-1931

கல்கத்தாவில் சீனர் தோல் ஷெட்டில் தரம் பிரிக்கும் உத்தியோகம் பார்த்துவரும் என் மரியாதைக்குரிய மைத்துனர் ஞானமுத்து அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை சவுரியம்மாளின் புருஷனும் சுண்ணாம்புத் தொட்டி மேஸ்திரியுமான தேவசகாயம் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் இங்கே மனுஷரும் மாடும் கோழியும் சுகம். நான் சுகமா இல்லையா என்பதைக் கீழே படித்துத் தாங்களே தீர்மானித்துக்கொள்ளவும்.

எனக்கும் சர்தார் பாஷாவுக்கும் பேச்சு நின்றுபோன கதையைப் போன கடிதத்தில் பாதிதான் எழுதினேன். கோபத்தில் பேனா முள் உடைந்துவிட்டது. எங்கள் ஷெட்டில் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, மயிர் நீக்கி அலசிக் கொடுப்பது நான், அதை வாங்கி ஆவாரம்பட்டைத் தண்ணீரில் போட்டுப் பதப்படுத்துவது அவன். கை மாறும்போது கட்டைவிரலால் தோலை அழுத்திப் பார்த்து, "சரி" என்பான். அந்த ஒரு சொல் வராமல் தோல் நகராது. இருபது வருஷமாக இதுதான் வழக்கம். போன பக்ரீத் கழிந்த வாரம் அறுபது ஆட்டுத்தோல் கறுப்புக் கறை விழுந்து வீணாகிவிட்டது. நான் சுண்ணாம்பை ஒழுங்காக அலசவில்லை என்று அவன் சொன்னான், அவன் போட்ட பட்டை மட்டம் என்று நான் சொன்னேன், பிறகு பட்டையையும் சுண்ணாம்பையும் விட்டுவிட்டு ஒருவர் குடும்பத்தை ஒருவர் அலச ஆரம்பித்தோம். அதற்குப் பிறகும் கறை அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுந்துகொண்டேதான் இருந்தது. அன்றிலிருந்து நாலு மாதமாகக் காசி என்கிற கூலியாள்தான் நடுவில் தூதுவன். கையெட்டும் தூரத்தில் நின்றுகொண்டு, "காசி, மேஸ்திரி அவுங்கள தோல எடுத்துக்கினு வரச் சொல்லு" என்பான் பாஷா. சண்டை வந்ததிலிருந்து மரியாதை மட்டும் ஜாஸ்தியாகிவிட்டது!

இதைப் பார்த்துப் பார்த்துப் பேஜாரான முதலாளி ஜியாவுல்லா சாயபு ஒருநாள் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, "இந்த மாசக் கடைசி ஜும்மாவுக்குள்ள ரெண்டு பேரும் வாயால பேசிடணும். இல்லாட்டி ஒருத்தரு திருப்பத்தூர் கிடங்குக்குப் போயிடணும்" என்று சொல்லிவிட்டார். அந்த ஒருத்தர் யார் என்று சொல்லவில்லை, ஆனால் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். மச்சான், உங்களிடம் மறைப்பதற்கென்ன, நான் போனாலும் சரி, அவன் போனாலும் சரி, அந்த ஷெட்டில் மிச்சம் இருக்கிறவன் உயிரில்லாமல்தான் இருப்பான். அதனால்தான் தாங்கள் லீவு எடுத்துக்கொண்டு வந்து சமாதானம் பண்ணிவைக்க வேண்டும் என்று எழுதினேன்.

தாங்கள் வரவில்லை. தங்கள் ஷெட்டில் தோலுக்கு மெருகு போடும் சீனத்துப் பெரியவரைக் கேட்டு, நாலு பக்கம் புத்திமதி எழுதி அனுப்பினீர்கள். ஆயிரம் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே அவர்கள் நாட்டு ஞானிகள் தாவோ என்று ஒரு வழியைச் சொல்லிப் போனார்களாம். தண்ணீர் யாரோடும் மல்லுக்கு நிற்பதில்லையாம், கல் வந்தால் சுற்றிக்கொண்டு போகுமாம், ஒருவரும் விரும்பாத தாழ்ந்த இடத்தில் போய் உட்காருமாம், ஆகவே நானும் அப்படியே இருக்க வேண்டுமாம். கலங்கினதைக் கையை விட்டுத் துழாவாமல் சும்மா விடவும் வேண்டுமாம். தண்ணீரைப் பற்றித் தொட்டி மேஸ்திரிக்கே பாடமா என்று முதலில் சிரித்தேன். ஆனால் வேறு வழி இல்லை, சரி, வீட்டில் பழகிப் பார்த்துவிட்டு ஷெட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று துணிந்தேன்.

முதல்நாள் குழம்பில் உப்பில்லை. நான் வாய் திறப்பதற்கு முன்பே தங்கள் தங்கை, "உப்பெல்லாம் போட்டாச்சு, உங்க நாக்குதான் செத்துப்போச்சு" என்றாள். "நீ சொல்றது சரிதான் சவுரி" என்றேன். கரண்டி அவள் கையிலேயே நின்றுவிட்டது. மறுநாள் வேண்டுமென்றே காப்பியில் சர்க்கரைக்குப் பதில் மிளகுப்பொடி போட்டுக் கொடுத்தாள், சும்மா பரிசோதனைக்காக. குடித்துவிட்டு, "நல்லா இருக்குது" என்றேன். அவ்வளவுதான், "ஐயோ ஆண்டவரே, என் புருஷனுக்கு இன்னாவோ ஆயிடுச்சே" என்று தெருவே கூடும்படி அழுது, ஹக்கீமை வரவழைத்து, அவர் நாடி பிடித்துவிட்டு ஒன்றுமில்லை என்றதும் அவரோடும் சண்டை போட்டு, கடைசியில், "மனசு தேற எங்க அம்மாவ வரச் சொல்லட்டா?" என்று கேட்டாள். தண்ணீர் எப்படி மறுக்கும்? தங்கள் தாயார் கணியம்பாடியிலிருந்து வந்து இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது. என் கட்டிலில் அவர் படுக்கிறார், நான் கீழே படுக்கிறேன். தாழ்ந்த இடம்தானே! நடுவில் நாவிதர், "மீசைய எடுத்துட்டா முகம் தெளிவா இருக்கும் மேஸ்திரி" என்றார், "உன் இஷ்டம்" என்றேன், எடுத்துவிட்டார். சர்ச்சில் மணியடிக்கும் கோயில்பிள்ளை, கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஏரோது ராஜா வேஷத்துக்கு ஆளில்லை என்றார், அதற்கும் தலையாட்டினேன். மீசை இல்லாத ஏரோதை இந்த ஊர் இனிமேல்தான் பார்க்கப்போகிறது.

இவ்வளவு பழகின பிறகு, போன திங்கட்கிழமை ஷெட்டில் ஆரம்பித்தேன். இருப்பதிலேயே தாழ்ந்த இடம் எது என்று தேடினேன். என் சுண்ணாம்புத் தொட்டியும் அவன் பட்டைத் தொட்டியும் ஒரே நடுச்சுவரில் ஒட்டி நிற்கிற மூலை இருக்கிறதே, அழுக்குத் தண்ணீர் ஓடுகிற இடம், நாய்கூட அங்கே படுக்காது, அங்கே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்து பட்டைத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாஷா கண்ணில் பட்டுவிட்டது. "காசி, கேளு அவர! என் தொட்டியில இன்னா குத்தம் தேடிக்கினு இருக்காரு?" என்றான். நான் பதில் சொல்லவில்லை, கல்லைச் சுற்றிக்கொண்டு போனேன். அவனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஒரு முக்காலியைக் கொண்டுவந்து எனக்கு எதிரே போட்டுக் காவலுக்கு உட்கார்ந்துவிட்டான். ஆட்களைத் தொட்டியில் இறங்கி மிதிக்கவும் விடவில்லை, தண்ணீர் கலங்கினால் நான் திருட்டுத்தனமாக எதையாவது போட்டுவிடுவேனாம்! இப்படியே மூணு நாள். முதலாளி வந்து பார்த்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு, திருப்பத்தூருக்கு வண்டி பேசச் சொல்லி ஆள் அனுப்பினதும் எங்கள் காதில் விழுந்தது. அப்போது எனக்கு, மச்சான், எழுந்துபோய் அவன் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்றுகூடத் தோன்றியது. வெட்கம் விடவில்லை.

வியாழக்கிழமை பகல். தினமும் ஆள் மிதித்துக் கலக்குகிற தொட்டி, மூணு நாளாக யாரும் தொடாததால் மேல் தண்ணீர் காப்பி டிகாக்ஷன் நிறத்தில் தெளிந்து நின்றது. அதில் நடுச்சுவரின் அடியிலிருந்து நூல் மாதிரி வெள்ளையாக ஒன்று கசிந்து கசிந்து வந்தது. முதலில் பார்த்தது நான்தான், ஆனாலும் பெருந்தன்மையாக அவனைச் சொல்லவிட்டேன். பாஷா முக்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, காசியைத் தேடாமல், நேராக என்னைப் பார்த்து, "ஏய் தேவசகாயம், அங்க பாரு, இன்னாப்பா அது வெள்ளையா?" என்றான்.

நாலு மாதத்துக்குப் பிறகு முதல் வார்த்தை! சுவர் விரிசல் விட்டு என் சுண்ணாம்புத் தண்ணீர் அவன் பட்டைத் தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. கறுப்புக் கறை விழாமல் என்ன செய்யும்? என் அலசலும் குற்றமில்லை, அவன் பட்டையும் குற்றமில்லை. இரண்டு பேரும் முழங்கால் தண்ணீரில் இறங்கி விரிசலைத் தடவிப் பார்த்தோம். நிமிர்ந்தவன் என் முகத்தை உற்றுப் பார்த்து, "மீசை எங்க போச்சு?" என்றான். சொன்னேன். தொட்டியிலேயே உட்கார்ந்து சிரித்தான். நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதும்விட்டேன், அதை யாரிடமும் சொல்ல வேண்டாம். சாயங்காலம் ஒரு தோலை எடுத்துக் கொடுத்தேன். கட்டைவிரலை வைத்து அழுத்தினான். "சரி" என்றான்.

ஜும்மாவுக்கு முன்பே இரண்டு பேரும் போய் முதலாளியிடம் விரிசலைச் சொன்னோம், வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பக்ரீத் அன்று பாஷா வீட்டிலிருந்து பிரியாணி வந்த பாத்திரம், வெறுமனே திருப்பக் கூடாது, சண்டையில் நிரப்பவும் கூடாது என்று நாலு மாதமாக எங்கள் வீட்டில் தவம் கிடந்ததே, அதில் சவுரியம்மாள் அதிரசம் நிரப்பி அவன் சம்சாரம் ஷஹீன் பானுவிடம் கொடுத்துவிட்டு வந்தாள். ஆகவே இன்று முதல் கோபம், வாக்குவாதம், நான் பெரியவன் நீ பெரியவன் என்கிற பேச்சு எல்லாவற்றையும் ஆயுசுக்கும் விட்டுவிட்டேன் என்று சீனத்துப் பெரியவருக்கு என் நமஸ்காரத்தோடு தெரிவிக்கவும். தங்களையும் தங்கள் குடும்பத்தையும் கர்த்தர் கல்கத்தா மழையிலும் காய்ச்சலிலும் கைவிடாமல் காப்பாராக.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
தண்ணீராகிவிட்ட,
தே. தேவசகாயம்

பி.கு. (31-8, திங்கள்): தபாலில் போடுவதற்கு முன்பு இந்தக் கடிதத்தைச் சாப்பாட்டு வேளையில் பாஷாவுக்குப் படித்துக் காட்டினேன். நல்லபடியாகத் தலையாட்டிக்கொண்டே வந்தவன், "முதலில் பார்த்தது நான்தான்" என்கிற இடத்தில் எழுந்து நின்றுவிட்டான். "யாரு? நீயா? நான் பார்த்துச் சொன்னப்புறம்தானேப்பா நீ தலையைத் திருப்பின!" என்றான். "பெருந்தன்மைன்னா இன்னான்னு தெரியுமா உனக்கு?" என்றேன் நான். ஷெட்டே அதிர்ந்தது. காசி ஓடிவந்து வழக்கம்போல நடுவில் நின்றான். "நீ போடா, நாங்க பேசிக்கினு இருக்கோம்!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் அவனை விரட்டினோம். முதலாளி எட்டிப் பார்த்தார், "பேச்சு வந்துடுச்சா? அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பிற்பகல் தோல் கை மாறியபோது பாஷா விரலை வைத்து அழுத்தி, "சரி! ஆனா மொதல்ல பார்த்தது நான்தான்!" என்று கத்தினான். வீட்டுக்கு வந்தால் குழம்பில் உப்பில்லை, தட்டைத் தள்ளிக் கூச்சல் போட்டேன். சவுரியம்மாள் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லி, பதிலுக்கு இரண்டு மடங்கு கூச்சல் போட்டு, இரண்டு முட்டை பொரித்து வைத்தாள். தங்கள் தாயார் மட்டும் ஊருக்குக் கிளம்புகிறதாக இல்லை. ஒரே ஒரு உபகாரம், மச்சான். சீனத்துப் பெரியவரிடம் நடந்ததைச் சொல்லி, முதலில் பார்த்தது நான்தான் என்று சீன எழுத்திலேயே ஒரு வரி எழுதி வாங்கி, அடுத்த தபாலிலேயே அனுப்பிவைக்கவும்.