ஈரம் போதாத ஊர்

வட ஆஸ்திரேலியாவில் இருக்கும் எங்கள் இன்னிஸ்ஃபெயிலில் மழை பெய்யாத நாட்களைத்தான் தேதி சொல்லி நினைவு வைத்துக்கொள்வோம். துவைத்த துணி காய்வதற்குள் அடுத்த துவைப்புக்கு நாள் வந்துவிடும். கட்டிலுக்கு அடியில் செருப்பை மறந்துவிட்டால் பச்சைப் பூஞ்சை பூத்திருக்கும். இப்பேர்ப்பட்ட ஊரில் செடிகளுக்கு ஈரப்பதம் போதவில்லை என்று வெப்பமண்டலச் செடி ஆர்வலர் சங்கம் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. நான் திரும்பிப் போய்ச் சேர்ந்தது இந்தச் சங்கத்தில்தான்.

கல்யாணமான புதிதில் இரண்டு கொடிகளின் மகரந்தத்தைக் கலந்து ஒரு புதுக் கொடியை உண்டாக்கியிருந்தேன். பிலோடென்ட்ரான் சாதி, உங்கள் வீட்டு மணி பிளான்ட்டுக்குப் பெரியப்பா முறை ஆகும். முறம் அகல இலை, பச்சைப் பசேல் என்று இருக்கும். அதற்கு என் மனைவி பெரிலின் பெயரையே வைத்தேன். அப்போதெல்லாம் சங்கக் கூட்டத்துக்குப் போகிறவர் ஒரு தட்டு கேக்கும், ஈரச் செய்தித்தாளில் சுற்றிய ஒரு துண்டுக் கொடியும் கொண்டுபோவார். வாங்கியவர் வளர்ப்பார், கொடுத்தவருடையது அழுகிப்போனால் வாங்கியவரிடமிருந்து ஒரு துண்டு திரும்பி வரும். விலை, விண்ணப்பம் எதுவும் கிடையாது.

பிறகு சுரங்க வேலைக்கு வெளியூர் போய்ப் பல வருடம் சங்கத்தை மறந்திருந்தேன். போன வருடப் புயல் எங்கள் செடிக் கொட்டகையை அப்படியே தூக்கிக்கொண்டு போனது. கொடியும் போயிற்று.

"ஊருல என் பேர்ல இருந்தது அது ஒண்ணுதான் நெவில்," என்றாள் பெரில். "அதையும் காத்துல விட்டுட்ட. போய் யார்கிட்டயாவது ஒரு துண்டு வாங்கிட்டு வா. இல்லாம வராத."

போனேன். அரங்கில் கேக் தட்டைக் காணோம், தேநீரும் இல்லை. துணுக்கு விழுந்தால் பூச்சி வருமாம். ஜன்னல்களை எல்லாம் சாத்தி ஏ.சி. போட்டிருந்தார்கள். நடுவில் பூட்டிய கண்ணாடி அலமாரி. அதற்குள் ஊதா விளக்கும் புகை போல ஈரம் கக்கும் ஓர் இயந்திரமும் இருந்தன. சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்த ஒரு கொடி அதற்குள் துவண்டு கிடக்க, ஜனங்கள் சுற்றி நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

தலைவர் டிரிஸ்டன் முப்பது வயதுப் பிள்ளை. விஷயத்தைச் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பெரிலை உருவாக்கினது நீங்களா? உங்களுக்கு நன்றி சொல்லிப் போன வருஷமே தீர்மானம் போட்டுட்டோமே! அதோ பாருங்க, அலமாரியில."

"அதுவா? என் பெரில் பச்சையா இருக்கும் தம்பி."

"பச்சையெல்லாம் பழைய கதைங்க. ஒரு கிளையில தானா வெள்ளை வந்துச்சு. அதை மட்டும் வெச்சுக்கிட்டோம். பச்சையா எது தலை காட்டினாலும் உடனே வெட்டிருவோம். தர மேம்பாடு."

"பச்சையே இல்லாட்டி செடி எதை வெச்சுச் சாப்பாடு பண்ணும்?"

"அதனாலதான் அது அபூர்வம்," என்றார் டிரிஸ்டன்.

ஒரு துண்டு கொடுக்கலாம், ஆனால் என் வீடு அதற்குத் தகுதியானதா என்று முதலில் ஆய்வு நடக்க வேண்டும் என்றார். ஈரப்பதத் துணைக்குழுவின் ஆய்வாளர் டெஸ்லி மறுநாளே வந்தாள். குடையிலிருந்து ஒரு வாளித் தண்ணீரை எங்கள் வராந்தாவில் கொட்டிவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டு, கையிலிருந்த கருவியைப் பார்த்தாள்.

"தொண்ணூத்தி நாலு."

"போதுமா?" என்றேன்.

"அளவு போதும். எங்கேருந்து வருது?"

"மேல இருந்து. மழை."

"அதை யாரு கட்டுப்படுத்துறது?"

நான் பெரிலைப் பார்த்தேன். "என்னை ஏன் பாக்குற? அது ஒண்ணுதான் இந்த வீட்டுல என் கையில இல்ல," என்றாள் அவள்.

"கட்டுப்பாடற்ற ஈரப்பதம்," என்று டெஸ்லி தீர்ப்பளித்தாள். "இதை ஏத்துக்க முடியாது. முதல்ல ரூமுக்கு ஏ.சி. போட்டு இந்த ஈரத்தை எல்லாம் எடுத்துருங்க. அப்புறம் கண்ணாடி அலமாரி வெச்சு, மெஷினால ஈரம் விடுங்க."

"எடுத்துட்டுத் திரும்ப விடணுமா? ஏம்மா?"

"டென்மார்க்ல அப்படித்தான் வளர்க்குறாங்க. வீடியோவைப் பாருங்க."

அவளை வந்த மழையிலேயே திருப்பி அனுப்பியிருப்பேன். ஆனால் துண்டு வேண்டுமே. படுக்கையறையில் அலமாரி வந்தது, இயந்திரம் வந்தது, ஏ.சி. வந்தது. குளிர் தாங்காமல் பெரில் வராந்தாவுக்குப் படுக்கையை மாற்றினாள். தகுதி கிடைத்துவிட்டது, அடுத்த கூட்டத்தில் துண்டு தருவதாக டிரிஸ்டன் சொல்லி அனுப்பினார்.

அந்த வாரம் பலத்த காற்றில் கம்பங்கள் சாய்ந்தன. ஊர் முழுக்க மின்சாரம் இல்லை. பின்னாலேயே சுள்ளென்று வெயில் அடித்தது. பூட்டிய அலமாரிகளுக்குள் ஊரின் அபூர்வச் செடிகள் அத்தனையும் வெந்தன. சங்கத்தின் வெள்ளைப் பெரில், பானையில் மறந்த முட்டைக்கோஸ் மாதிரி ஆகிவிட்டது.

அவசரக் கூட்டம் கூடியது. மௌன அஞ்சலி செலுத்தினார்கள். மின்சாரத்தை வன்மையாகக் கண்டித்தார்கள். புழுக்கம் தாங்காமல் யாரோ ஜன்னலைத் திறந்தார்கள். வெளியே என் பழைய சிநேகிதன் ஜம்மி தள்ளுவண்டியோடு நின்றான். கரும்புத் தோட்டக்காரன்; சங்கத்தில் எனக்கும் மூத்த உறுப்பினன். பழைய ஆட்களை எல்லாம் கழிவு அகற்றும் துணைக்குழுவில் போட்டுவிட்டிருந்தார்கள்.

"யோவ் நெவில், உள்ள என்ன சாவு வீடு?"

"பெரில் போயிருச்சுய்யா."

"எந்தப் பெரில்? வாரா வாரம் பச்சைக் கிளையா வெட்டிக் கொடுப்பாங்களே, அதுவா? நான் பின்னால ஓடையிலதான கொட்டிட்டு இருந்தேன். நீ போய்ப் பாக்கல?"

ஓடினேன். அரங்குக்குப் பின்னால் ஓடைச் சரிவு முழுக்க என் கொடி. மரத்துக்கு மரம் ஏறி, முறம் முறமாக இலை விரித்து, தூறலில் பளபளத்துக்கொண்டிருந்தது. சங்கத்தின் கருவியும் விளக்கும் எட்டாத இடமாகப் பார்த்து நன்றாகவே வளர்ந்திருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு துண்டு வெட்டி, செய்தித்தாளில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

பெரில் இலையைத் தடவிப் பார்த்தாள். "குப்பையில கிடந்துமா இவ்வளவு குண்டா இருக்கேன்?" என்று சிரித்தாள். அலமாரியைத் தெருவில் வைத்துவிட்டுப் படுக்கையை உள்ளே கொண்டுவந்தோம்.

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் சங்கம் இருக்கிறதே. மேற்படி ஓடையைப் பாதுகாக்கப்பட்ட பாரம்பரிய வாழிடமாக அறிவித்து, வேலி போட்டு, பூட்டுத் தொங்கவிட்டார்கள். பச்சைதான் இப்போது அபூர்வமாம். அதைக் காக்க அனுபவமுள்ள ஆய்வாளர் ஒருவர் தேவைப்பட்டார். ஏகமனதாக என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு கருவி, கழுத்தில் தொங்க ஓர் அட்டை, வேலிச் சாவி. வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். கைதட்டலில் யாருக்கும் கேட்கவில்லை.

நேற்று பக்கத்து வீட்டு லினெட் எங்கள் கொடியைப் பார்த்து, "நெவில், எனக்கும் ஒரு துண்டு கொடேன்," என்றாள்.

"உன் வீட்டு ஈரப்பதம் எங்கேருந்து வருது?" என்று கேட்டேன்.

லினெட் வானத்தைக் காட்டினாள். பெரில் உள்ளிருந்து வந்தாள்.

"அடுத்த புயல்ல நம்ம கொடி போச்சுன்னா, யார் வீட்டுல போய்க் கேட்பே நெவில்?"

கேள்வி நியாயமானது என்றும், அடுத்த கூட்டத்தில் அதை முன்வைப்பதாகவும் சொன்னேன்.

இன்று காலை வானொலியில் புயல் எச்சரிக்கை. ஒரு நிமிடம் கூடத் தாமதிக்காமல் மழையங்கியை மாட்டிக்கொண்டு ஓடைக்கு ஓடி, பூட்டு சரியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டு வந்தேன்.