சுவிட்சுக்கு நேர் மேலே ஓர் ஆணி

பினாங்கிலேயே நேராக வயர் இழுக்கத் தெரிந்த ஒரே மனிதரின் பெயரை நான் ஓர் ஆணியால் கெடுத்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஜெலுத்தோங் அடுக்குமாடியில் அவரைக் கிளிப்பு என்றுதான் அழைப்போம். வயரிங் வேலை. வயரைச் சுவரோடு பிடித்து நிறுத்தும் சின்னக் கிளிப்புகள் சட்டைப் பையில் எப்போதும் குலுங்கும். தொங்கும் வயரைக் கண்டால் அவருக்குச் சோறு இறங்காது. ஒரு கல்யாணத்தில், இலையில் பாயசம் ஊற்றிய பிறகு எழுந்து போய், ஒலிபெருக்கி வயரைச் சுவரோரமாக அடித்துவிட்டு வந்தார். ஒரு சாவு வீட்டில், அழுதுகொண்டிருந்த மகனிடம் குனிந்து கேட்டாராம்: "தம்பி, ஃபேன் வயர் கால்ல தட்டுது. கட்டிவிடவா?"

எங்கள் வீட்டு வயரிங்கும் அவர் செய்ததுதான். சுவிட்சு பதிக்கும் இரும்புப் பெட்டியின் ஓட்டையில் ரப்பர் வளையம் மாட்டாமல் வயரை நுழைக்க மாட்டார். "ஓரம் கத்தி மாதிரி சார். பிள்ளை கழுத்த அறுத்திடும் லா." பிள்ளை என்றது வயரை.

போகும்போது சுவரைத் தட்டிக் காட்டினார். "சுவிட்சுக்கு நேர் மேல, சுவத்துக்குள்ள வயர் ஏறுது. அங்க மட்டும் ஆணி அடிச்சிடாதீங்க."

"நான் படிச்சவன்பா," என்றேன்.

படித்தவன் அங்கேதான் அடித்தேன். பணி ஓய்வு விழாவில் மாலையோடு எடுத்த என் படத்துக்கு வெளிச்சம் விழும் இடம் அது ஒன்றுதான். தீபாவளிக்கு முதல் நாள், விருந்தாளிகள் வரச் சற்று முன்பு, அடித்த அடியில் வீடே இருண்டது. ஆணியைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, ஓட்டையைப் பற்பசையால் அடைத்தேன்.

"என்ன சார், இருட்டுலயா தீபாவளி?" என்று விருந்தாளிகள் கேட்டார்கள்.

"எல்லாம் கிளிப்பு செஞ்ச வேலை," என்றேன்.

மின்தூக்கிக்கு முன்பே அந்தச் சொல் கீழே இறங்கிவிட்டது. யாரும் அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை. நானும் அக்கரையில் மாக் மண்டினிலிருந்து வேறொருவரை வரவழைத்துச் சரிசெய்துகொண்டேன்.

கிளிப்பு சண்டைக்கு வருவார் என்று காத்திருந்தேன். வரவில்லை. என் சொல்லை அவரே நம்பிவிட்டார். தான் வேலை செய்த வீட்டுக் கதவையெல்லாம் தட்டி, "சுவிட்சு பெட்டிய ஒரு தடவ திறந்து பாத்துக்கிறேன்க்கா, என் கையில என்னமோ கோளாறு," என்று கெஞ்சினார். கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள். பிறகு கருவிப் பையையே தூக்குவதில்லை. ஜுருவில் கார் கழுவப் போவதாகக் கேள்வி.

ஒரு காலை கோப்பிக் கடையில் அவரைப் பார்த்தேன். தலைக்கு மேலே தொலைக்காட்சி வயர் ஊஞ்சல் ஆடியது. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. வீட்டுக்குப் போய் ஆணியை எடுத்து வந்து அவர் மேசையில் வைத்தேன். செய்ததைக் கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

ஆணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க அடிச்சீங்க?"

"சுவிட்சுக்கு நேர் மேல."

"வயரு மேலயே பட்டுச்சா?"

"நட்ட நடுவுல."

நீண்ட மூச்சு விட்டார். "அப்ப நேராத்தான் போயிருக்கு."

அதற்கப்புறம்தான் அவருக்குக் கோபம் வந்தது. "பொய் சொன்னது கெடக்கட்டும் சார். சுவிட்சுக்கு மேல எந்த மனுசனாவது ஆணி அடிப்பானா?"

கடையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. நாற்காலி மேல் ஏறித் தொலைக்காட்சி வயரைக் கட்டத் தொடங்கினார்.

மன்னித்தேன் என்று அவர் இதுவரை சொன்னதில்லை. என் படத்தை மட்டும் அவரே வந்து வேறு சுவரில் மாட்டினார். 'சார்' போய்விட்டது. "ஆணி அண்ணே," என்று கீழே நின்று அவர் கூப்பிட்டால், செருப்பைக்கூடத் தேடாமல் இறங்கிப் போகிறேன்.