ஒலிபெருக்கியில் பேசிய வயிறு

அன்புக்கும், போன தடவை வந்தபோது சாப்பிடாமல் கிளம்பிப் போனதால் கொஞ்சம் வருத்தத்துக்கும் உரிய அக்கா மகனுக்கு, உன் மாமா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் நலம். முன்பெல்லாம் இந்த ‘நலம்’ என்ற சொல்லை மரியாதைக்காக எழுதுவேன். இந்தத் தடவை வயிற்றைத் தடவிக்கொடுத்து, அதனிடம் விசாரித்து, அது சம்மதம் சொன்ன பிறகே எழுதுகிறேன். உன் வீட்டில் எல்லோரும் சௌகரியமா என்று தெரிவிக்கவும். அக்காவைக் கேட்டதாகச் சொல். கடிதத்தை மட்டும் அவளுக்குப் படித்துக் காட்டாதே. அவள் சின்ன வயதிலிருந்தே என் பேச்சில் பாதியைத் தள்ளுபடி செய்துவிட்டுத்தான் காதில் வாங்குவாள்.

விஷயத்துக்கு வருகிறேன் மாப்பிள்ளை. நீ பேருந்துக் கழகத்தின் தலைமை அலுவலகத்தில் இருக்கிறாய். எங்கள் பேருந்து நிலைய மேலாளர், தலைமை அலுவலகம் என்று காதில் விழுந்தாலே நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிற மனிதர். தொலைபேசியில் பேசும்போதுகூட நின்றுகொண்டுதான் பேசுவார். ஆகவே நீ ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், என்னிடமிருந்து பறித்த மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஏன் பறித்தார் என்று கேட்பாய். நீ கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன்.

என் குரலைப் பற்றி உனக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன். நான் கண்ணாடி அறையில் உட்கார்ந்து மைக்கைத் தட்டினால் நிலையத்தில் அழுகிற குழந்தை வாயை மூடும், தூங்குகிற ஓட்டுநர் எழுந்து சட்டைப் பொத்தானைப் போடுவார். பள்ளிக்கூடத்தை எட்டாவதோடு நான் விட்டதில் நஷ்டம் பள்ளிக்கூடத்துக்குத்தான். ஆனால் இந்தக் குரலுக்கு நான் கொடுத்த விலை யாருக்குத் தெரியும்? ஒரு பேருந்து கிளம்பி அடுத்தது உள்ளே நுழைவதற்குள் சாப்பிட வேண்டும். ஒரு கையில் மைக், ஒரு கையில் பொட்டலம். எண்ணெயில் பொரித்தது எது கிடைத்தாலும் உள்ளே தள்ளி, மேலே சூடாக டீயை ஊற்றிக் கீழே அனுப்பிவிடுவேன். இப்படியே காலம் போய், நெஞ்சு எரிய ஆரம்பித்தது. வயிறு பந்து மாதிரி உப்பிக்கொண்டது. காலையில் கழிப்பறைக்குள் போனால் உன் அத்தை கதவைத் தட்டி, “உள்ள குடித்தனம் வெச்சுட்டீங்களா?” என்று கேட்கிற அளவுக்கு நிலைமை முற்றிவிட்டது.

கடைசியில் அவள்தான் என்னை டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா எல்லாச் சோதனையும் எடுத்துப் பார்த்துவிட்டு, பயப்படும்படி ஒன்றுமில்லை என்றார். இப்படியொரு குடலைத் தன் அனுபவத்திலேயே பார்த்ததில்லை என்றும் சொன்னார். அப்படி அவர் சொல்லவேயில்லை என்று உன் அத்தை சொல்கிறாள். வாயால் சொல்லவில்லை, கண்ணால் சொன்னார். பிறகு விசாரணை நடந்தது.

“சாப்பிட எவ்வளவு நேரம் எடுத்துக்குவீங்க?”

“ரெண்டு பஸ்ஸுக்கு நடுவுல, டாக்டர்.”

“நல்லா மெல்லுவீங்களா?”

“கூட்டமில்லாத நாள்ல.”

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். காய்கறி, பழம், பயறு, தயிர், தண்ணீர் எல்லாம் கூட வேண்டும், டீயும் பொரித்ததும் குறைய வேண்டும், சாப்பிட்டதும் படுக்காமல் கொஞ்சம் நடக்க வேண்டும், நேரத்துக்குத் தூங்க வேண்டும். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக, ஒன்று பழகிய பிறகு இன்னொன்று என்று மாற்ற வேண்டும்.

மாப்பிள்ளை, உன் மாமா எந்தக் காலத்தில் எதைத் தாமதமாகச் செய்தான்? பேருந்து தாமதமானாலே பொறுக்காத ஆள் நான். மாதக்கணக்கில் செய்ய வேண்டியதை ஒரே நாளில் முடித்துக் காட்டி டாக்டரம்மாவை அசத்துவது என்று முடிவெடுத்தேன். மறுநாள் விடிந்ததும் தயிரில் கோதுமைத் தவிட்டைக் கரைத்துக் குடித்தேன். அதன் மேல் பச்சை முட்டைக்கோஸ். அதன் மேல் முளைகட்டிய பயறு. அதன் மேல் வேகவைத்த பட்டாணி. ஆப்பிளைத் தோலோடு, கொய்யாவை விதையோடு. கடைசியாக ஒரு குடம் தண்ணீர். உன் அத்தை அது சொம்பு என்பாள். அவள் கண்ணுக்கு எல்லாமே சின்னதாகத்தான் தெரியும். பிறகு அதே வேகத்தில் வேலைக்கு நடந்தே போனேன்.

நண்பகல் நேரம், நிலையத்தில் கூட்டம் பிதுங்குகிறது. நான் பொத்தானை அழுத்தி, ‘பயணிகளின் கனிவான கவனத்திற்கு’ என்று ஆரம்பித்தேன். கனிவு வரைக்கும் நான்தான் பேசினேன். கவனத்தை வயிறு எடுத்துக்கொண்டது. முதலில் யாரோ இரும்பு பீரோவைத் தரையில் இழுப்பது போல ஒரு சத்தம். அப்புறம் அடைத்த சாக்கடை திறந்துகொண்ட மாதிரி ஒன்று. முடிவில் ஓர் ஏப்பம். எல்லா நடைமேடையிலும் ஒலிபெருக்கி, காத்திருப்போர் அறையில் ஒலிபெருக்கி, கழிப்பறை வாசலில்கூட ஒலிபெருக்கி. ஏழெட்டு ஓட்டுநர்கள் இறங்கி வண்டிக்கடியில் குனிந்து பார்த்தார்கள். சரி, ஒருவர். ஆனால் அவர் குனிந்தது ஏழெட்டுப் பேர் குனிந்த மாதிரி இருந்தது. பையும் மூட்டையுமாக நின்றிருந்த ஓர் அம்மாள் விசாரணை ஜன்னலுக்கு ஓடி, “இப்ப சொன்னது எந்த பஸ்ஸுங்க?” என்று கேட்க, உள்ளே இருந்தவர் தலையைத் தூக்காமலே, “அது இன்னும் வரலம்மா, வந்தா மறுபடி சொல்லுவாங்க” என்றார்.

சொன்னபடியே மறுபடியும் சொன்னது.

மேலாளர் கண்ணாடி அறைக்கு ஓடிவந்தார். “ஐயா, உடம்பு சரியில்லன்னா லீவு போடுங்க. நீங்க வராம வயித்த மட்டும் வேலைக்கு அனுப்பாதீங்க” என்றார். அன்றைக்கே என்னை, பயணிகள் மறந்துவிட்டுப் போகிற பொருட்களை வைக்கும் அறைக்கு மாற்றிவிட்டு, பார்சல் பிரிவில் இருந்த மூக்கடைப்பை மைக்கில் உட்கார வைத்தார். அவனுக்கு அந்தப் பெயரை நான் வைக்கவில்லை. அவன் மூக்கு வைத்தது. அவன் மூன்றாவது நடைமேடை என்கிறானா, நான்காவது என்கிறானா என்று தெரியாமல் ஜனங்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார்கள்.

டாக்டரம்மாவிடம் மறுபடி போனேன்.

“ஒவ்வொண்ணா மாத்துங்கன்னுதானே சொன்னேன்?”

“ஒவ்வொண்ணாத்தான் டாக்டர் சாப்பிட்டேன். எல்லாத்தையும் ஒரே வாயில போட முடியுமா?”

உன் அத்தை தலையில் கை வைத்துக்கொண்டாள். டாக்டரம்மா சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தோம். இத்தனை வருஷமாக வேலை பார்க்காத குடலிடம் ஒரே நாளில் இவ்வளவு வேலை கொடுத்தால் அது கத்தத்தான் செய்யும், அதற்கும் பழக நேரம் கொடுங்கள் என்றார். தயிரில் கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமிகள் இருப்பதாகவும், வயிற்றுக்குள்ளேயே அதுபோல் கோடிக்கணக்கில் இருப்பதாகவும் சொன்னார். அதைக் கேட்டதும் எனக்கு ஒரு பொறுப்பு வந்துவிட்டது. எங்கள் மேலாளருக்குக் கீழே ஐம்பது அறுபது பேர் இருந்தால் அதிகம். எனக்குக் கீழே கோடிக்கணக்கில் வேலை செய்கிறார்கள், நான் நேரத்துக்குச் சாப்பாடு அனுப்பாவிட்டால் அவர்கள் கதி என்ன?

அதன் பிறகு நடந்ததெல்லாம் என் மன உறுதி. சமையல் மட்டும் உன் அத்தை. முதலில் காலையில் வெறும் வயிற்றில் டீ நின்றது. டீக்கடைக்காரர் என்னைத் தேடி வீட்டுக்கே வந்து, “அண்ணே, என் மேல ஏதாவது கோவமா?” என்று கேட்டார். அது பழகியதும் தட்டில் ஒரு காய் கூடியது. கொஞ்சம் போல, திருஷ்டிக்கு வைத்த மாதிரி ஓர் ஓரத்தில் இருக்கும். வயிறு அதை ஏற்றுக்கொண்டதும் இன்னும் கொஞ்சம். அப்புறம் பயறு, அதுவும் நன்றாக வேகவைத்து. நடுநடுவே தண்ணீர்.

மெல்லுவதுதான் பெரிய பாடாக இருந்தது. என் தாடைக்கு நிதானம் என்பதே தெரியாது. அதற்கும் நானே வழி கண்டுபிடித்தேன். வாயில் ஒரு கவளம் போட்டதும் மனசுக்குள் ஒரு பேருந்தை அறிவிப்பேன். அது கிளம்பி, வழியில் உள்ள நிறுத்தங்களையெல்லாம் தாண்டி, கடைசி நிறுத்தம் வந்த பிறகே விழுங்குவது. முதல் நாள் உன் அத்தை கவனித்துக்கொண்டே இருந்தாள்.

“அதுக்குள்ள விழுங்கிட்டீங்க, இது எந்த பஸ்ஸு?”

“எக்ஸ்பிரஸ். நடுவுல எங்கயும் நிக்காது.”

“அந்த வேலையே வேண்டாம். எல்லா எடத்துலயும் நின்னு போற டவுன் பஸ்ஸ எடுங்க.”

அன்றிலிருந்து டவுன் பஸ்தான். பள்ளிக்கூடம், பெரிய பாலம், மாவு மில், சந்தை, பழைய சந்தை என்று ஒவ்வொன்றாக நின்று போகும். சோற்றுக்கு இவ்வளவு ருசி உண்டு என்பது பழைய சந்தைக்குப் பக்கத்தில்தான் தெரிந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு பேரும் தெருவைச் சுற்றி நடக்கிறோம். நான் முன்னால் போகிறேன். உன் அத்தை என்னைவிட முன்னால் போகிறாள்.

நடுவில் ஒரு சறுக்கல். மறைக்க மாட்டேன், ஏனென்றால் உன் அத்தை எப்படியும் சொல்லிவிடுவாள். பார்சல் பிரிவில் ஒருவர் ஓய்வுபெற்ற அன்று தட்டு நிறையப் பொரித்தது வைத்தார்கள். மைக்கில் மூக்கடைப்பு வாழ்த்துரை படிக்கிறான். அந்த மைக்கைப் பார்க்கப் பார்க்க என் கை தன்னால் தட்டுக்குப் போனது. சாயங்காலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் உட்கார்ந்துவிட்டேன். இனி என்ன செய்தும் பயனில்லை, மைக்கும் போச்சு, வயிறும் போச்சு என்றேன். குரல் கொஞ்சம் உடைந்தது என்று வைத்துக்கொள்.

உன் அத்தை வெந்நீரை ஆற்றிக் கையில் கொடுத்தாள்.

“ஒரு நாள் வழுக்கினா என்ன, திரும்பவும் ஆரம்பத்துக்கேவா போயிட்டோம்? நாளைக்கு வழக்கம்போல சாப்பிடுங்க.”

“மைக் இல்லாம நான் யாருடி?”

“மைக் இல்லன்னா நீங்க ஊமையா? இந்த வீட்ல ஒரு நாளாவது அடங்கி இருந்திருக்கீங்களா?”

மறுநாள் வழக்கம்போலச் சாப்பிட்டேன். வயிறும் பழசை மனசில் வைத்துக்கொள்ளவில்லை.

இப்போது நெஞ்செரிச்சல் எப்போதாவது எட்டிப் பார்த்துவிட்டுப் போவதோடு சரி. பேன்ட் இடுப்பில் நிற்க மறுக்கிறது. காலையில் கழிப்பறைக்குள் போனால், உன் அத்தை பாலை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் வெளியே வந்துவிடுகிறேன். வயிற்றின் மேல் காதை வைத்துக் கேட்டால்கூட ஒரு சத்தம் கிடையாது. காதை வைத்தது உன் அத்தை. அவள் சொல்வது உனக்கு நம்பிக்கையாக இருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

ஆகவே மாப்பிள்ளை, உடனே மேலாளருக்குப் போன் போடு. மாமா முழுக்கக் குணமாகிவிட்டார், மைக் இல்லாமல் துரும்பாக இளைக்கிறார் என்று சொல். மறந்துவிட்ட பொருட்கள் அறையில் என்ன இருக்கிறது? குடைகள், ஒற்றைச் செருப்புகள், ஒரு பல் செட். பல் செட்டை விட்டுவிட்டு ஒரு மனிதர் எப்படி ஊர் போய்ச் சேர்ந்தார் என்று யோசிப்பதைத் தவிர அங்கே எனக்கு வேலையில்லை. மத்தியானம் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருக்கிறது, அவ்வளவு வெட்டி உத்தியோகம். காலையிலிருந்து ராத்திரி வரை மைக் என் கையிலேயே இருக்க வேண்டும். மூக்கடைப்பை பார்சல் பிரிவுக்கே அனுப்பச் சொல். அவன் வாயை மைக்குக்கு ஒரு முழம் தூரத்தில்கூட விடக்கூடாது என்று அழுத்திச் சொல்.

நீயும் மேசையிலேயே சாப்பிடுகிறாய் என்று அக்கா சொன்னாள். எழுந்து போய்ச் சாப்பிடு. உன் வீட்டுக்காரிக்கும் குழந்தைக்கும் எங்கள் ஆசிகள். எல்லோரும் பசித்தபோது சாப்பிட்டு, படுத்ததும் தூங்கி, காலையில் சிரமமில்லாமல் எழுந்து நீண்ட நாள் இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுதல். இதைவிடப் பெரிய ஆசி எனக்கு இப்போதைக்குத் தெரியவில்லை.

இப்படிக்கு,
உன் குரல் வளம் மிக்க மாமா.

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் செய்யாதே. உறையை ஒட்டுவதற்குள் மேலாளரே குடைகளுக்கு நடுவில் வந்து நின்றார். “நாளையிலேர்ந்து மைக்குக்கு வந்துடுங்க ஐயா. மூக்கடைப்பு சொல்றதக் கேட்டு ஜனங்க வேற ஊருக்குப் போயிடறாங்க” என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

“மத்தியானச் சாப்பாட்டுக்கு எப்ப விடுவீங்க?”

“மைக்குக்கு ஏதுங்க சாப்பாட்டு நேரம்? ரெண்டு பஸ்ஸுக்கு நடுவுல சாப்பிட்டுக்கறதுதானே உங்க வழக்கம்?”

“அப்ப எனக்கு வேண்டாங்க” என்றேன்.

சொன்னது நான்தானா என்று திரும்பிப் பார்த்தேன், பின்னால் யாரும் இல்லை. மேலாளர் கெஞ்சினார். காலில் விழாத குறை. கடைசியில் காலையில் மைக், மத்தியானத்துக்கு மேல் குடைகள் என்று ஒப்புக்கொண்டேன். மிச்ச நேரத்துக்கு மூக்கடைப்பே இருக்கட்டும் என்று சிபாரிசு செய்ததும் நான்தான். பையன் நல்லவன், நிறுத்தி நிதானமாகப் பேசக் கற்றுக்கொடுக்கப் போகிறேன். எனவே போன் கீன் போட்டுவிடாதே, அந்த மனிதர் பாவம், எழுந்து நிற்பார். மத்தியான வேளையில் எங்கள் நிலையத்தில் யாராவது பேருந்தைத் தவறவிட்டதாக உங்கள் அலுவலகத்துக்குப் புகார் வந்தால் மட்டும், அந்த நேரத்தில் உன் மாமா வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான் என்று எழுதிவிடு.