பயந்த நாய் தேவை

ரொறன்ரோவில் நாய் இல்லாத தெரு கிடையாது. நாய்க்குச் சப்பாத்து வாங்குபவர்களையும், நாயின் பிறந்தநாளுக்கு மண்டபம் எடுப்பவர்களையும் நான் கண்டிருக்கிறேன். ஆனால் நாயைத் தன் கதிரைக்கு முன்னால் நிறுத்தி, ஃபைலைத் திறந்து, விசாரணை நடத்தி, தீர்ப்பில் கையெழுத்திட்டுத் தபாலில் அனுப்பிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவரோடு ஒரே தகரக் கொட்டகையில் இரண்டு வருடம் படுத்திருக்கிறேன்.

எல்லாரும் அவரை நீதவான் என்றுதான் அழைப்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரை ஒருமுறை அவருடைய மருந்துப் போத்தலில் பார்த்தேன். மறந்துவிட்டது.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். பாங்கொக்கில் கோப்பை கழுவினேன், ஜெர்மனியில் ஒரு பேக்கரியில் மா சுமந்தேன், ரொறன்ரோவின் பார்க்டேலில் ஆறு பேர் இருந்த அறையில் ஏழாவது ஆளாகக் கிடந்தேன். பிறகு பிக்கரிங்குக்கு வடக்கே சிவமண்ணையின் மரக்கறித் தோட்டத்தில் வேலை கிடைத்தது. ஸ்காபரோக் கடைகளில் நீங்கள் வாங்கும் வெண்டிக்காயும் பயித்தங்காயும் கோடையில் அங்கிருந்தும் வரும். படுக்கக் கொட்டகை தருவதாகச் சிவமண்ணை சொன்னார். கொட்டகையில் ஏற்கெனவே ஒரு மனிதரும் நாய்களும் இருப்பதை அவர் சொல்லவில்லை.

அந்தத் தோட்டத்தின் உண்மையான முதலாளி கிரவுண்ட்ஹொக் என்ற பிராணி. பூனையை விடக் கொஞ்சம் பெரிது. முயலின் பல், வங்கி மனேஜரின் வயிறு. நிலத்துக்கடியில் நாலு வாசல் வைத்து வளை தோண்டி வாழும். காலையில் வெளியே வந்து ஒரு வரிசைப் பயித்தங்கன்றைத் தின்றுவிட்டு, பின்னங்காலில் எழுந்து நின்று அடுத்த வரிசையைப் பார்வையிடும். இதைப் பிடிக்கத்தான் நீதவான், வளைக்குள் இறங்கக்கூடிய டெரியர் என்ற சிறு வேட்டை நாய்களை வளர்த்தார். முன்னொரு காலத்தில் இங்கிலாந்தில் பெற்றோல் நிலையத்தில் வேலை செய்தபோது பக்கத்துப் பண்ணைக்காரனிடம் அந்த வேலையைப் பழகியிருந்தார்.

அவருடைய நாய்களுக்குப் பெயர் இல்லை, இலக்கம்தான்.

"பெயர் வைச்சா அதிலை ஒரு பாசம் வந்திடும் தம்பி. பிறகு தீர்ப்புச் சரியா வராது" என்றார்.

அவருடைய சிறந்த பெட்டை நாய்க்கு இலக்கம் நாலு. தேங்காய்த் தும்பு போன்ற மயிர், முகமெல்லாம் தழும்பு. அது வளைக்குள் இறங்கினால் ஒரு சத்தமும் வராது. உள்ளே நேராகப் போய்க் கடித்து, கடிபட்டு, அரைமணி கழித்து இரத்தத்தோடு வெளியே வரும். இரண்டு முறை மூக்கில் தையல் போட்டாகிவிட்டது. வயதும் ஏறிவிட்டது. இன்னும் ஒரு முறைதான் குட்டி போடலாம், அதற்குப் பிறகு கூடாது என்று மிருக வைத்தியர் சொல்லிவிட்டார். எந்த ஆண் நாயோடு சேர்ப்பது என்பதில் பிழைவிட்டால் நீதவான் பதினைந்து வருடமாக வளர்த்தெடுத்த வழி அத்தோடு முடிந்தது.

சிவமண்ணை வேறு கொட்டகை வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். "நீதவான், வாற வருசக் கோடைக்கு வேலை செய்யிற நாய் இல்லையெண்டா நான் வளையளுக்குள்ளை புகைக்குண்டு வைப்பன். நீரும் உம்மடை நாயளும் வேறை இடம் பாக்கவேண்டி வரும். குறை நினையாதையும்."

அந்த வசந்த காலத்தில்தான் விசாரணைகள் தொடங்கின.

நீதவான் தன் சாம்பல் நிறக் கோட்டைப் போட்டுக்கொள்வார். தன்னுடைய அகதி விசாரணைக்குப் போட்டுப் போன அதே கோட்டு. பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து முதலில் நாயை அளப்பார். முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சை இரண்டு கைகளாலும் சுற்றிப் பிடிக்க வேண்டும். பெருவிரல் பெருவிரலையும் நடுவிரல் நடுவிரலையும் தொடாவிட்டால் அந்த நாய் வளைக்குள் இறுகிவிடும். கொண்டுவந்தவர் திரும்பிப் போகலாம். அளவில் தேறினால், பலகையால் அடித்து மண்ணில் புதைத்த ஒரு நீளப் பெட்டிக்குள் விடுவார். உள்ளே ஒரு வளைவு. கடைசியில் இரும்புக் கூட்டுக்குள் பத்திரமாக ஓர் எலி. நாய் என்ன செய்கிறது என்று பார்த்து எழுதிக்கொள்வார். இதே சோதனை காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை, இன்னொரு நாள் மழைக்குள் ஒருமுறை.

"ஒருதரம் காணாதே அண்ணை?" என்று கேட்டேன்.

"அகதி விசாரணையிலை என்னட்டை ஒரே கேள்வியை மூண்டுதரம் கேட்டவை. 'ஆமி எத்தினை மணிக்கு வீட்டை வந்தது? எத்தினை மணிக்கு? எத்தினை மணிக்கு?' மூண்டாந்தரம் எனக்கே சந்தேகம் வந்திட்டுது. ஐந்தை ஆறு எண்டு சொல்லிப்போட்டன். தள்ளிப்போட்டாங்கள். பிறகு நாலு வருசம் அலைஞ்சுதான் அகதி அந்தஸ்து எடுத்தது." எலிக்கூட்டைத் துடைத்தபடி சொன்னார். "ஆனா ஒண்டு தம்பி, நல்ல முறைதான்."

ஸ்காபரோ முழுவதும் செய்தி பரவி, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் நாயோடு வந்தார்கள். ஒரு நாய் எலியைக் கண்டு பெட்டிக்குள்ளேயே மலங்கழித்தது. ஒன்று உள்ளே போய் நித்திரையாகி, குறட்டையால்தான் இருக்குமிடம் தெரிந்தது. எல்லாருக்கும் தீர்ப்பு தபாலில் போனது. நேரில் சொன்னால் சண்டை வரும் என்பதும் அவர் அனுபவத்தில் கண்டதுதான்.

வீடு விற்றுக்கொடுக்கும் ரூபன் பெரிய ஜீப்பில் கிங்கைக் கொண்டுவந்தபோது சிவமண்ணையே வாசலுக்குப் போய் வரவேற்றார். கிங் டெரியரும் புல் டெரியரும் கலந்த ஆண் நாய். கழுத்து எது தோள் எது என்று பிரிக்க முடியாது. நீதவானின் விரல்கள் நெஞ்சைச் சுற்றி எட்டவில்லை. ஆனாலும் சிவமண்ணைக்காக உள்ளே விட்டார். கிங் சத்தமில்லாமல் போனது. இரண்டு பலகை உடைந்தது. கூட்டைக் கவ்வி இழுத்துக்கொண்டு வெளியே வந்து ரூபனின் காலடியில் போட்டது. எலி உயிரோடு இருந்தாலும் இனி வாழ விருப்பமில்லாததுபோல் கிடந்தது. நாங்கள் எல்லாரும் கைதட்டினோம்.

நீதவான் பேனையை மூடினார். "சரிவராது."

"என்ன அண்ணை விசர்க்கதை?" ரூபனுக்கு முகம் சிவந்துவிட்டது. "பயம் எண்டா என்னெண்டு உதுக்குத் தெரியாது."

"அதுதான் சரிவராது எண்டுறன். சத்தமும் போடேல்லை."

"கடிக்கிற நாய் ஏன் குலைக்கோணும்?"

"கிணத்துக்கை விழுந்தவன் கத்தாட்டி ஆர் தூக்கிறது? வளைக்குள்ளை நாய் எங்கை நிக்குதெண்டு எனக்குத் தெரியோணும். நாலுவுக்குத் துணிவு அளவுக்கு மிஞ்சிக் கிடக்கு. இன்னும் துணிவைச் சேர்த்தா குட்டியள் எல்லாம் உள்ளுக்கையே செத்துப்போங்கள். இல்லாததைத்தான் தேடிச் சேர்க்கோணும்."

"பயமில்லாட்டி அதுவும் ஒரு குற்றமோ?"

"ரூபன், அகதி ஹியரிங்கிலை போய் 'எனக்கு ஒரு பயமும் இல்லை ஐயா' எண்டு சொல்லியிருந்தா, நீங்கள் இப்ப பிக்கரிங்கிலை வீடு வித்துக்கொண்டிருப்பியளோ?"

ரூபன் ஜீப்பின் கதவைச் சாத்திய சத்தத்தில் தோட்டத்துக் காகம் எல்லாம் எழும்பியது. அடுத்த கிழமை அவருக்குத் தீர்ப்பு போனது. நான்தான் முத்திரை ஒட்டினேன். 'கிங் என்னும் விண்ணப்பதாரி அச்சமற்றவராகக் காணப்படுவதால் நிராகரிக்கப்படுகிறார். மேன்முறையீடு செய்ய விரும்பின் பதினைந்து நாட்களுக்குள் நேரில் வரவும். நாயைக் கொண்டுவர வேண்டாம்.'

சிவமண்ணை பத்து நாள் எங்களோடு கதைக்கவில்லை.

நானும் நீதவானும் அஜின்கோர்ட்டில் ஒரு கடைத்தொகுதிக்கு வெண்டிக்காய்ப் பெட்டி இறக்கப் போனபோது அந்தச் சத்தம் கேட்டது. இடைவெளியே இல்லாத குரைப்பு. பிளவுஸ் தைக்கும் அன்ரி ஒருவரின் கடையிலிருந்து வந்தது. உள்ளே தையல் மெசினுக்குப் பின்னால், சுவரோடு ஒட்டிக்கொண்டு, ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது தொங்கியும் ஒரு சிறு நாய். பாதி டெரியர், பாதி பீகிள் என்று நீதவான் கணித்தார். வாசலில் நின்ற வாடிக்கையாளரைப் பார்த்து உடம்பு நடுங்க நடுங்கக் குரைத்துக்கொண்டிருந்தது. கிட்டவும் வரவில்லை, ஓடவும் இல்லை.

"எவ்வளவு நேரம் உப்பிடிக் குலைக்கும், அன்ரி?" நீதவான் கேட்டார்.

"சனம் போகுமட்டும் குலைக்கும் தம்பி. அதாலை சனம் கெதியாப் போயிடுது. அளவெடுக்க விடுதில்லை. போன கிழமை ஒரு பொம்பிளைக்குக் கைக்கு எடுத்த அளவைக் கழுத்துக்கு வைச்சுத் தைச்சுப்போட்டன்."

"எனக்கு ஒருக்கா இரவல் தருவியளோ?"

"உங்களுக்கு ஏன் தம்பி பயந்த நாய்?"

"பயந்தும் ஓடாத நாய், அன்ரி. மூண்டு மாசமாத் தேடுறன்."

விரல்கள் நெஞ்சைச் சுற்றி அளவாகத் தொட்டன. பெட்டிக்குள் விட்டார். வளைவைத் தாண்டி, கூட்டுக்கு ஒரு முழம் இப்பால் நின்றுகொண்டு முக்கால் மணித்தியாலம் குரைத்தது. கிட்டவும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. மத்தியானமும் அப்படியே. மழைக்குள்ளும் அப்படியே. அன்று நீதவான் கதிரையை விட்டு எழுந்து நின்று, 'ஏற்றுக்கொள்ளப்படுகிறார்' என்று தீர்ப்பு வாசித்தார். நானும் எழுந்து நின்றேன். அன்ரி குடைக்குள் நின்று, "வேறை ஆக்கள் இருக்கினமோ இஞ்சை, இல்லை நீங்கள் ரெண்டு பேரும்தானோ?" என்று கேட்டார்.

இலக்கம் நாலு, கோடை முடியும் நேரத்தில் ஐந்து குட்டி போட்டது. ஒன்று முதல் நாளே செத்தது. வேலியோரம் புதைத்தோம். மிச்சக் குட்டிகள் கண் திறக்கும் முன்பே சத்தம் போட்டன. சிவமண்ணை எட்டிப் பார்த்து, "உது நாயோ, ரேடியோவோ?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அந்தப் பனிக்காலம் முழுவதும் ஒரு எண்ணெய் ஹீட்டரைச் சுற்றி நாங்கள் இரண்டு பேரும் எல்லா நாயும் படுத்தோம். ஹீட்டருக்குக் கிட்ட நாய்கள். அதுவும் நீதவானின் தீர்ப்பு.

அடுத்த கோடை வந்தது. குட்டிகளில் இலக்கம் இருபத்திமூன்றுதான் கெட்டிக்காரி. அவளைச் சிவமண்ணைக்கு வேலை செய்து காட்டுவதற்கு ஒரு நாளும் குறித்தாகிவிட்டது. அதற்கு இரண்டு நாள் முன்பு, மழை விட்ட ஒரு காலை, கிழட்டு நாலு கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு போய்விட்டது. பயித்தங்காய்ப் பாத்திப் பக்கம் போனதைக் கண்டேன். நான் கூப்பிட முன்னம் வளைக்குள் வால் மறைந்தது. அதே நேரம் சிவமண்ணை உழவு மெசினோடு அந்தப் பாத்தியால் வந்தார். ஈர மண் இறங்கி, பின் சில்லு ஒரு முழம் புதைந்தது.

வளை இடிந்துவிட்டது.

நீதவான் மண்ணில் காதை வைத்துப் படுத்தார். "நாலு. நாலு." ஒரு சத்தமும் இல்லை. அவள்தான் சத்தம் போடாதவளே. அந்தப் பாத்தி அறுபது எழுபது அடி நீளம், நாலைந்து வாசல். எங்கே வெட்டுவது என்று யாருக்குத் தெரியும்? சிவமண்ணை மெசினை விட்டிறங்கி, "நான் காணேல்லை நீதவான், சத்தியமாக் காணேல்லை" என்று சொல்லிக்கொண்டே நின்றார்.

நீதவான் எழுந்து போய் இருபத்திமூன்றை அவிழ்த்துக்கொண்டு வந்து தூரத்து வாசலில் விட்டார். அது உள்ளே போனது. சிறிது நேரம் ஒன்றுமில்லை. பிறகு நிலத்துக்கடியிலிருந்து தொடங்கியது அந்தக் குரைப்பு. அஜின்கோர்ட் தையல் கடையின் குரைப்பு. பாத்தியின் நடுவில், நாங்கள் யாரும் நினைக்காத இடத்தில்.

"பிழையான இடம் போலக் கிடக்கு" என்றார் சிவமண்ணை. "நாலு போனது அந்தக் கரையாலை. உம்மடை முறைப்படி வெளியிலை எடுத்துத் திருப்பி விட்டுக் கேளுமன்."

நீதவான் அதற்குள் மண்வெட்டியைப் போட்டுவிட்டார். "உண்மை சொல்லுறதை ஒருக்காக் கேட்டாக் காணும் அண்ணை."

மூன்று பேரும் வெட்டினோம். பயித்தங்கொடி ஒரு வரிசை முழுவதும் போனது. அதைச் சிவமண்ணைதான் தன் கையால் பிடுங்கி எறிந்தார். இடுப்பளவு ஆழத்தில் தும்பு மயிர் தெரிந்தது. நீதவான் கையை விட்டு இழுத்தார். வாய் நிறைய மண், கண் மூடியிருந்தது. விரலால் மண்ணைத் தோண்டி எடுத்து, மூக்கில் வாயை வைத்து ஊதினார். நாலு தும்மியது. பிறகு எழுந்து, பக்கத்தில் இன்னும் குரைத்துக்கொண்டிருந்த மகளின் காதில் ஒரு கடி கடித்தது, என்ன அநியாயச் சத்தம் என்பதுபோல. கிரவுண்ட்ஹொக் எப்போதோ பின்வாசலால் வெளியேறி, பாத்தியின் மறுகரையில் எழுந்து நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சிவமண்ணை பிறகு புகைக்குண்டுக் கதை எடுக்கவில்லை. இருபத்திமூன்று அந்தக் கோடையிலேயே தோட்டத்தில் பாதியைத் துப்புரவாக்கினாள். மூக்கில் ஒரு கீறலும் இல்லை. கொட்டகைக்குச் சிவமண்ணையின் செலவில் புதுக் கதவும் வந்தது.

எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. இலையுதிர் காலத்தில் ஸ்காபரோவில் ஒரு களஞ்சியத்தில் வேலை கிடைத்துப் புறப்பட்டேன். போகும்போது ஒரு குட்டி தரச் சொல்லி நீதவானிடம் கேட்டேன். அவர் கொட்டகைக்குள் போனார். பிறகு கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து கதிரையில் இருந்து, எங்கே படுப்பாய், என்ன வேலை, எத்தனை மணித்தியாலம் வெளியே நிற்பாய் என்று மூன்று நாளாக விசாரித்தார். இரண்டு கிழமை கழித்துப் புது விலாசத்துக்குக் கடிதம் வந்தது.

'விண்ணப்பதாரி நல்லவர். எனினும் ஓரிடத்தில் தரித்து நிற்பவராகத் தெரியாதபடியால் நிராகரிக்கப்படுகிறார்.'

அதன் கீழே, கையெழுத்துக்கும் கீழே, வேறு நிறப் பேனையால் ஒரு வரி எழுதியிருந்தார். 'ஞாயிறுகளில் வந்து பார்த்துவிட்டுப் போகலாம். சாப்பாடு இருக்கும்.'

அங்கே போக இரண்டு பஸ் மாறி, கடைசி அரைமணி நடக்க வேண்டும். ஞாயிறு தவறாமல் போய்க்கொண்டிருக்கிறேன்.